ஆடிப் பதினெட்டில் ஒரு கிரையம்

மாராயம்மாளின் இடது கட்டைவிரலில் மை இருக்கிறது. கார்டை நீட்டும்போதுதான் பார்த்தேன். ரேகைக்குள்ளும் நகத்தடியிலும் நீலமாக ஏறி நிற்கிறது, முந்தானையில் அழுத்தித் துடைத்திருக்க வேண்டும், முந்தானையிலும் ஒரு திட்டு. களை வெட்டித் தேய்ந்த விரல் மிஷினில் விழாது, மை தடவி உருட்டித்தான் எடுப்பார்கள், பத்திர ஆபீசில். வேறெங்கே எடுப்பார்கள்? “உக்காருங்கம்மா, கூப்புட்டுக் கண்ணுக்கு மருந்து ஊத்துவாங்க” என்று எல்லோருக்கும் சொல்வதையே சொன்னேன், என் வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது. அந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. கார்டை வாங்கிக்கொண்டு போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்துவிட்டார். எப்போது வந்தாலும் பையிலிருந்து ஒரு கொய்யாப்பழமாவது எடுத்துக் கண்ணாடித் துளை வழியாகத் திணித்துவிட்டுத்தான் உட்காருகிறவர். ஒருவேளை மை வேறெதற்காவது இருக்கலாம். வங்கியில் வைத்திருக்கலாம், பென்ஷனுக்கு வைத்திருக்கலாம். இல்லை. வாசலில் அவர் இறங்கின கார் எனக்குத் தெரியும். முன்கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளைப் பிள்ளையார், பிள்ளையாருக்குப் பக்கத்தில் எப்போதும் வாடாத பிளாஸ்டிக் ரோஜா. சாயப்பட்டறைக்காரருடைய கார். போன மாதம் எதிர் டீக்கடையில் அதே கார் நின்றபோது நானும் பூபதியும் அதற்குள் உட்கார்ந்திருந்தோம், ஏசி முகத்தில் அடித்தது, இந்த அம்மாவின் ரோட்டோர நிலத்தை அவர் கேட்டார், நான் “முடியாதுங்க” என்று சொல்லிவிட்டு இறங்கிவந்தேன். பூபதி எனக்குப் பின்னால் இறங்கினான். எவ்வளவு நேரம் கழித்து இறங்கினான்? இதை அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும். “அடுத்தது வாங்க.” கண்ணாடிக்கு வெளியே ஒரு பெரியவர் பில்லைத் தலைகீழாக நீட்டுகிறார், திருப்பி வாங்கி சீல் வைக்கிறேன், சீல் சரியாக விழவில்லை, மறுபடி வைக்கிறேன்.

பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது. பூபதியின் நாற்காலி. முதுகில் துண்டு போட்டு வைத்திருப்பான், வியர்வைக்கு. துண்டு இருக்கிறது, ஆள் இல்லை. ஆடிப்பெருக்கு, குடும்பத்தோடு பவானி கூடுதுறைக்குப் போகவேண்டும், வருஷா வருஷம் போகிற வழக்கம், “அக்கா, ஒருநா மட்டும் ரெண்டு கவுண்டரையும் பாத்துக்குவீங்களாக்கா?” என்று கேட்டான். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவன் வரிசையையும் என் வரிசையையும் சேர்த்து, காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல், அவன் அங்கே போய் என் முதுகில் குத்துவதற்கு இங்கே நான் அவன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதை நினைத்தால் சிரிப்புக்கூட வருகிறது. காலையில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான், ஆற்றங்கரையில் அவன் பெண்டாட்டி, மஞ்சள் கயிறு, காப்பரிசித் தட்டு, நடுவில் அவன் சின்ன மகள் இரட்டைச் சடையோடு. நான் கும்பிடுகிற கைப் படம் ஒன்று அனுப்பினேன். இப்போது மறுபடி எடுத்துப் பார்க்கிறேன், மேஜைக்குக் கீழே, மேனேஜர் கேமராவில் பார்க்காதபடி. இரட்டைச் சடை. அந்தக் குழந்தைக்கு வைகாசியில்தான் பழனியில் மொட்டை அடித்தார்கள். இந்தக் கவுண்டரில்தான் பஞ்சாமிர்த டப்பாவைத் திறந்து வைத்தான், முதல் கரண்டி எனக்கு. இரண்டு மாதத்தில் சடை எங்கிருந்து வரும்? போன வருஷத்துப் போட்டோவை அனுப்பியிருக்கிறான். அதைத் தேடி எடுத்திருப்பான் இல்லையா, உட்கார்ந்து, பழைய படங்களையெல்லாம் மேலே தள்ளித் தள்ளி, இது அக்காவுக்குப் போதும் என்று. காதில் பூச் சுற்றுவதற்குக்கூட புதுப் பூ வாங்கவில்லை. போன் செய்தேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி செய்தேன், உடனே துண்டித்துவிட்டான். கையில் போனை வைத்துக்கொண்டுதான் இருக்கிறான் என்று தெரிந்தது.

இந்த நிலத் தொழிலை எனக்குச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான். போனில் யாரோ கோட்டுப் போட்ட ஆள் பேசுவதை மத்தியானச் சாப்பாட்டில் காட்டினான், இருக்கிற வேலையை விடாதீர்கள், விடாமலே நிலத்தில் சம்பாதிக்கலாம். நிலத்தை வாங்கவே வேண்டாமாம். விற்கிற ஆளைக் கண்டுபிடித்து, கொஞ்சம் முன்பணம் கொடுத்து, இத்தனை மாதத்தில் கிரையம் என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வேண்டியது. அந்தக் கெடுவுக்குள் அதைவிட அதிகம் கொடுக்கிற ஆளைப் பிடித்து, நிலத்துக்காரரை நேரே அந்த ஆள் பேருக்கே எழுதிக் கொடுக்கச் சொல்ல வேண்டியது. நடுவில் நிற்கிற வித்தியாசம் நமக்கு. “அப்பறம் புரோக்கருக்கும் நமக்கும் என்னடா வித்தியாசம்?” என்றேன். “புரோக்கர் கமிசனுக்குக் கை நீட்டோணுமுங்கக்கா, நம்ம கையில ஒப்பந்தம் இருக்குதல்லங்க” என்றான். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து ஊரார் கண்ணுக்கெல்லாம் பில் போட்டே என் தலை நரைத்துவிடும் என்று பயந்துகொண்டிருந்த நேரம் அது. வீட்டில் சொன்னபோது அவர் டிவியிலிருந்து முகத்தைத் திருப்பாமல் “உனக்கெதுக்கு இந்தப் பொழப்பு?” என்றார். பூபதி மட்டும்தான் “உங்களால முடியுமுங்கக்கா” என்றான். அந்த ஒரு வார்த்தைக்கு நான் எவ்வளவு ஏங்கிப் போயிருந்தேன் என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் தெரிந்தால் வேலை போய்விடும், அதனால் எங்களுக்குள் ஒரு பேச்சு வைத்திருந்தோம். “மருந்துக்கடையில சில்லறை மாத்திட்டு வர்றேன்” என்றால் நிலம் சம்பந்தமாகப் போன் வந்திருக்கிறது, மற்றவர் இரண்டு கவுண்டரையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அர்த்தம். கொஞ்ச நாளாக அவன் அடிக்கடி சில்லறை மாற்றப் போனான். “யாருடா போன்ல?” என்றால் “சும்மாதானுங்கக்கா, சூரம்பட்டி எடம்” என்பான். நான் அவன் வரிசைக்கும் பில் போட்டேன். “அம்மா, இன்சூரன்ஸ் பேப்பர் இங்க இல்லீங்க, மாடியில குடுங்க.” மாடியில் என்று கை காட்டுகிறேன், கை வாசல் பக்கம் நீள்கிறது, அந்தப் பெண் என் கையைப் பார்க்கிறாள். போகட்டும்.

மருந்து ஊற்றியாயிற்று. நர்ஸ் ஜெசிந்தா வரிசையாக ஊற்றிக்கொண்டே “கண்ணத் தொறக்காதீங்க, ஊறட்டும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மூன்றாவது வரிசையில் மாராயம்மாள் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார், பஞ்சைக் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டு. இப்போது அவரை நான் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம், அவருக்குத் தெரியாது. உங்களுக்கு என்னம்மா நான் குறை வைத்தேன்? முதல் முதலில் புரை பார்க்க வந்தபோது, கூட வர ஆளில்லாமல், ஃபாரம் எழுதத் தெரியாமல் நின்றவரை உட்கார வைத்து எழுதிக் கொடுத்தது யார்? அன்றைக்குத்தான் சொன்னார், ரோட்டோரக் காட்டைக் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன், உள்ளே இருக்கிற வீடும் கிணறும் நாலு தென்னையும் எனக்குப் போதும் என்று. கொடுக்க நினைத்தும் கொடுக்க முடியவில்லை, கொழுந்தனார் கையெழுத்து வேண்டும், அவர் பேசுவதில்லை. ஏன் பேசுவதில்லை என்றால் பேரனுக்குக் காது குத்தினபோது அவரைத் தட்டோடு போய் அழைக்கவில்லை, போனில் சொல்லிவிட்டார்களாம். பூபதி வக்கீலைப் பார்க்கலாம் என்றான். வக்கீல் எதற்கு? நான்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாராயம்மாளைக் கூட்டிக்கொண்டு, வெற்றிலை பாக்கு பழம் எல்லாம் தட்டில் வைத்து, காது குத்து முடிந்து எத்தனையோ காலம் ஆன பிறகு அந்த வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். அந்த மனிதர் தட்டைப் பார்த்தார், மதனியைப் பார்த்தார், “உள்ள வாங்க” என்று சொல்வதற்குள் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு அங்கே கறிச்சோறு. திரும்பி வரும்போது பஸ்ஸில் மாராயம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டார். “காட்ட ஆருக்கு வேணும்னாலும் குடு. சாயப்பட்டறைக்காரனுக்கு மட்டும் குடுத்துப்போடாத. மேக்கால தோட்டத்துக் கெணத்தப் பாத்தியல்ல.” பார்த்தேன். தண்ணீர் கெட்டியான டீ நிறத்தில் கிடந்தது, வாளியை முகர்ந்து பார்த்துவிட்டு மாடு தலையைத் திருப்பிக்கொண்டது. “குடுக்க மாட்டேனுங்கம்மா, இது என்ற வார்த்தை” என்றேன். அதனால்தான் அந்தக் காருக்குள் முடியாது என்றேன். குடோன் போடுகிற ஆள் வேறு கிடைப்பார், கொஞ்சம் குறைவாகத்தான் தருவார், பரவாயில்லை என்றேன். பூபதி “சரிங்கக்கா” என்றான். மறுபேச்சுப் பேசாமல் சரி என்றான். எதையும் இரண்டு முறை பேரம் பேசாமல் விடாதவன், காய்கறிக்காரியிடம் கறிவேப்பிலைக்கு நிற்கிறவன், அவ்வளவு பெரிய விஷயத்துக்கு ஒரே ஒரு சரி. நான் எப்படி அதைக் கேட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன்?

ஆடி. எல்லாம் இந்த ஆடியால் வந்தது, இல்லை, என்னால் வந்தது. கொழுந்தனார் சம்மதித்ததும் ஒப்பந்தம் போட்டிருக்கலாம். ஆனி முடிய இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. மாராயம்மாள் ஜாதகம் பார்க்கிறவரைக் கேட்டு ஆவணியில் ஒரு நாள் சொன்னார், நானும் “ஆடியில எதுக்குங்கம்மா, ஆவணி பொறக்கட்டும், நல்ல காரியமாப் பண்ணலாம்” என்று ஒத்து ஊதினேன். வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டோம். மாற்றியாயிற்று, இனி யாராலும் அசைக்க முடியாது என்று நம்பினேன். ஆடியில் எவன் கிரையம் பண்ணுவான்? கல்யாணம் கிடையாது, குடி போகிறது கிடையாது, புதுத் துணிகூடத் தள்ளுபடிக்குத்தான். அந்த ஒரு மாதம் நிலத்துக்கு நான் பூட்டே போட்டுவிட்ட நினைப்பில் இருந்தேன். அந்த ஆடிக்குள்ளேயே பதினெட்டு என்று ஒரு நாள் இருக்கிறது, எது தொட்டாலும் பெருகும் என்கிற நாள், பத்திர ஆபீசில் அன்றைக்குத்தான் கூட்டம் முட்டி மோதும். இது எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து இந்த ஊரில்தான் இருக்கிறேன். எனக்குப் பதினெட்டு என்றால் தேங்காய் சாதமும் ஆற்றுத் தண்ணீரும் தாலிக்கயிறும்தான் நினைவுக்கு வந்தது, பூபதிக்குப் பத்திர ஆபீஸ் நினைவுக்கு வந்திருக்கிறது. என் டப்பாவிலிருந்து சோற்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டே நினைத்திருப்பான். என்ன சாமர்த்தியம் பார். எனக்குக் கோபம் அவன்மேல்தான் வர வேண்டும், வருகிறது, பல்லைக் கடித்துக்கொண்டுதான் பில் அடிக்கிறேன், ஆனால் அவனைவிட அந்த மூன்றாவது வரிசையின்மேல்தான் கூடுதலாக வருகிறது. அவன் பசை இருக்கிற பக்கம் போகிறவன், போகட்டும். நீங்கள் போகலாமா? அதே காரில் ஏறி, அதே ஆளுக்கு எழுதிக் கொடுத்து, கிணறு கிணறு என்று என்னிடம் சத்தியம் வாங்கினவர் நீங்கள்தானே? கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்ததும் கிணறு மறந்துவிட்டதா? இல்லை, யாருக்கு எழுதினோம் என்றே தெரியாமல் எழுதினீர்களா? தெரியாமல் இருக்காது, படித்துக் காட்டுவார்கள். வாங்குகிறவர் பேரைத்தான் படிப்பார்கள், பேருக்குப் பக்கத்தில் சாயம் என்று எழுதியிருக்குமா? ஆனாலும் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதனால்தான் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. எனக்கு அழுகை வருகிறது, இந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் அழுதால் கேமராவில் தெரியும், வெளியே நிற்பவர்கள் எனக்கும் கண்ணில் ஏதோ கோளாறு என்று நினைப்பார்கள்.

“மாராயம்மாள், மாராயம்மாள் உள்ள வாங்க.” ஜெசிந்தா கதவைப் பாதி திறந்து கூப்பிடுகிறாள். எழுந்திருக்கிறார். எழுந்து, கையை முன்னால் நீட்டி, நாற்காலி முதுகைத் தடவுகிறார். மருந்து ஊறினால் எல்லாருக்கும் இப்படித்தான், வெளிச்சம் கூசும், எதிரில் இருப்பது புகைமூட்டமாகத் தெரியும், அதற்காகத்தான் துணைக்கு ஆள் கூட்டி வாருங்கள் என்று கார்டிலேயே போட்டிருக்கிறது. இவருக்குத் துணை எங்கே? ஆயாக்கள் பாதிப்பேர் இன்றைக்கு ஆற்றங்கரையில். நான் ஏன் போக வேண்டும்? காரில் கூட்டிவந்தவன் வந்து பிடிக்கட்டும். இரண்டு அடி வைத்துவிட்டு நிற்கிறார். மேட்டுப்படி ஒன்று இருக்கிறது, அதில்தான் எல்லோரும் தடுக்கிக்கொள்கிறார்கள். “ஒரு நிமிசம் இருங்க” என்று வரிசையிடம் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டேன். முழங்கைக்கு மேலே பிடித்தேன். “படி இருக்குதுங்கம்மா.” குரலைக் கேட்டதும் கை விறைத்தது. படி ஏறினோம். உள்ளே நீளமான நடை, மஞ்சள் விளக்கு. பாதி தூரம் போனதும் நின்றார், என் பக்கம் திரும்பினார், கண்பாப்பா இரண்டும் விரிந்து கறுப்பாக இருந்தது, என் முகத்தைத் தேடி நெற்றிக்கு மேலே எங்கேயோ பார்த்தார். “வேண்டாம்னா நீயே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல புள்ள? அந்தத் தம்பிகிட்ட எதுக்குச் சொல்லி உட்டே? நான் உன்னய என்ன பண்ணிப்போடுவேன்?” எனக்குப் புரியவில்லை. எதை வேண்டாம் என்றேன்? “பயமாருக்குது, எனக்கு இந்த வெவகாரமே வேண்டாம், இனி என்னயக் கூப்புட வேண்டாமுன்னு சொல்லச் சொன்னியாமா. நான் நம்பல. அங்க ஆபீசுல கூட்டத்துக்குள்ள உன்னயத்தான் தேடிக்கிட்டு இருந்தேன், கடைசீல வந்துருவேன்னு. வரல நீ. இங்க வந்தா நேராக் கேக்கோணும்னுதான் அந்தக் கார்க்காரங்கிட்டச் சொல்லி இங்க எறங்கினேன். உன்ற மொகத்தப் பாத்ததும் கேக்க வாயே வரல.”

நான் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். “அம்மா, நான் அப்படிச் சொல்லவே இல்லீங்க. சத்தியமா இல்லீங்கம்மா. இன்னிக்குக் கெரயம்னே எனக்குத் தெரியாது. அவன் ஆத்துக்குப் போறேன்னு சொல்லி என்னய இங்க உக்கார வெச்சுட்டுப் போய்ட்டான். குடோனுக்குன்னு சொன்னானுங்களா? குடோன் இல்லீங்கம்மா, அந்தக் கார் சாயப்பட்டறைக்காரருதுங்க, நான் முடியாதுன்னு சொன்ன ஆளுங்க அவரு.” மூச்சு விடாமல் சொன்னேன், இதைவிட உண்மையாக என் வாழ்க்கையில் நான் எதையும் சொன்னதில்லை. சொல்லி முடித்ததும் உடம்பு லேசானது, இனி என்ன நடந்தாலும் இந்த ஒரு மனுஷிக்கு நான் யார் என்று தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். மாராயம்மாள் தலையை ஆட்டினார், மெதுவாக, எதையோ ஒத்துக்கொள்கிற மாதிரி. “அந்தத் தம்பி இதையும் சொன்னான்.” எதை என்றேன். “முடிஞ்சதுக்கப்பறம் அக்காவுக்கு மனசு கேக்காது, வருத்தம் வந்துரும், நான் அப்படிச் சொல்லவே இல்லைம்பாங்க. சாயப்பட்டறை, அது இதுன்னு எதையாச்சும் சொல்லுவாங்க. பாவம், நல்ல மனசு, கோவிச்சுக்காதீங்க அப்படின்னான்.” என் கைமேல் தட்டிக் கொடுத்தார். “வுடு. பயம் ஆருக்குத்தான் வராது? நான் ஒண்ணும் நெனைச்சுக்கல.” கோபமாகச் சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன், காலில் விழுந்திருப்பேன், அவன் அனுப்பின போட்டோவைக் காட்டியிருப்பேன். போட்டோவை இந்தக் கண்ணுக்கு எப்படிக் காட்டுவது? அவ்வளவு அன்பாகச் சொன்னார். பொய் சொன்ன பெண்ணை மன்னிக்கிற அன்பு. இனி நான் எதைச் சொன்னாலும் அது அவன் முன்னாலேயே சொல்லி வைத்ததாகத்தான் இருக்கும், கிணற்றில் நிறம் இறங்குகிற அன்றைக்கு வேண்டுமானால் நம்புவார். வெளியே கவுண்டரில் யாரோ கண்ணாடியைத் தட்டி “மேடம், மேடம்” என்கிறார்கள். பிடித்திருந்த கை என்னை அறியாமல் தளர்ந்தது. உடனே அந்த அம்மா பதறிப்போய் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். “கைய உட்டுப்போடாதம்மா, எனக்கு ஒண்ணுமே தெரியல” என்றார்.